டெக்சாஸில் ஏரிக்கரை முகாம்: இங்க்ஸ், ஹன்ட்ஸ்வில், டைலர், கேடோ – எந்தத் தண்ணீர் உங்களுக்கு?

ஆஸ்டினிலோ ஹூஸ்டனிலோ டாலஸிலோ இருக்கும் தமிழ்க் குடும்பம் முதல்முறையாக ஏரிக்கரையில் டென்ட் போடக் கிளம்பும்போது இரண்டு கேள்விகள் வரும். எத்தனை மணி நேர டிரைவ்? எந்த ஸ்டேட் பார்க்கில் இடம் கிடைக்கும்? இரண்டும் நியாயமானவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த ஏரியின் தண்ணீர் எப்படிப்பட்டது? ஸ்பீட் போட் ஓடும் தண்ணீரா, துடுப்புப் படகு மட்டும் நிம்மதியாகப் போகும் தண்ணீரா? முதலை உண்டா? மழை பொய்த்தால் கரை எத்தனை அடி பின்வாங்கும்? குழந்தைகளை எவ்வளவு தூரம் விடலாம், எந்தப் படகை எடுக்கலாம், எந்த மாதம் போகலாம் என்பதெல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கின்றன.

இங்கே நான்கு பூங்காக்களை எடுத்துக்கொள்கிறோம்: ஆஸ்டினுக்கு வடமேற்கே இங்க்ஸ் லேக், ஹூஸ்டனுக்கு வடக்கே ஹன்ட்ஸ்வில், டாலஸுக்குக் கிழக்கே டைலர், லூசியானா எல்லையில் கேடோ லேக். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நீந்தத் தெரிந்த, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இங்க்ஸ். ஐந்தாறு வயதுக் குழந்தைகளோடும் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியோடும் போவதென்றால் டைலர். நடையும் சைக்கிளும்தான் முக்கியம், ஏரி கூடுதல் இன்பம் என்றால் ஹன்ட்ஸ்வில். இயற்கையைப் பார்க்கவே போகிறீர்கள், தண்ணீரில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை என்றால் கேடோ. அதற்கு ஈடு டெக்சாஸில் வேறொன்று இல்லை.

இங்க்ஸ் லேக்: வற்றாத தண்ணீர், கொதிக்கும் பாறை

டெக்சாஸுக்குள் ஓடும் கொலராடோ ஆற்றில் வரிசையாகக் கட்டிய அணைகளால் உருவான ஏரிகளில் இங்க்ஸ் ஒன்று. அணை 1938-இல் முடிந்தது. ஏரி சுமார் 800 ஏக்கர், நீளம் நாலு மைலுக்குச் சற்று அதிகம். இதற்கு மேலே புக்கானன் ஏரி, கீழே எல்பிஜே. இந்த வரிசையில் தண்ணீரைச் சேமிக்கும் ஏரிகள் புக்கானனும் டிராவிஸும்தான். இங்க்ஸ் வழியே தண்ணீர் கடந்து போகிறது, அவ்வளவே. அதனால் வறட்சி ஆண்டில் புக்கானனின் படகுத்துறைகள் தரைதட்டி நிற்கும்போதும் இங்க்ஸ் ஏறக்குறைய நிரம்பியே இருக்கும். ஐந்து மாதம் முன்பே பதிவு செய்துவிட்டு, போகும்போது தண்ணீர் இருக்குமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. நான்கில் இந்த ஒரு விஷயத்தில் இங்க்ஸை நெருங்க எதுவும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்க்ஸ் அணையில் மதகுகள் கிடையாது. மேலே புக்கானனில் வெள்ளநீரைத் திறந்துவிட்டால் அது இங்க்ஸ் அணையின் மேலேயே வழிந்து ஓடும். ஏரிமட்டம் சட்டென்று ஏறலாம். ஹில் கன்ட்ரி என்று அழைக்கப்படும் இந்தப் பாறைநிலத்தில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதில்லை, நேராக ஓடைக்கு ஓடுகிறது. 2025 ஜூலை 4 அதிகாலையில் இதே ஹில் கன்ட்ரியில் குவாடலூப்பே ஆறு வெள்ளமாக, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே மழை முன்னறிவிப்பு இருக்கும் வார இறுதியில் தண்ணீரை ஒட்டிய சைட் வேண்டாம். உள்ளே மேட்டில் இருக்கும் சைட் போதும். போனில் அவசர வானிலை எச்சரிக்கை ஒலியை இரவில் அணைத்துவைக்கவே கூடாது. கிளம்புமுன் பூங்காவின் பக்கத்தில் அறிவிப்பு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்; வெள்ளத்துக்குப் பின் பகுதிகளை மூடிவைப்பது இங்கே வழக்கம்.

பாறைதான் இங்கே அழகும் தொல்லையும். இளஞ்சிவப்பு நிற ‘நைஸ்’ (gneiss) வகைப் பாறை, வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். தமிழ்நாட்டுக் குன்றுகளில் நாம் பார்த்து வளர்ந்த வரியோடிய பாறைகளின் இனம்தான். மேலே மண் ஒரு சாண் கூட இருக்காத இடங்கள் நிறைய. டென்ட்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் நாலு விரல் இறங்கியதும் பாறையில் முட்டி வளைந்துவிடும். தானாகவே நிற்கும் டோம் டென்ட்டைக் கொண்டுபோங்கள். முளை இறங்காத மூலையில், ஒரு காலன் தண்ணீர்க் கேனை நிரப்பிக் கயிற்றில் கட்டினால் ஒன்றுக்கு மூன்றே முக்கால் கிலோ எடை கிடைக்கும். அதிகக் காற்றென்றால் மூலைக்கு இரண்டு. பாறையில் நேரடியாகக் கயிற்றைச் சுற்றினால் இரவெல்லாம் உராய்ந்து விடிவதற்குள் அறுந்துபோகும்; கயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பழைய துண்டை வையுங்கள். கோடையில் பாறை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி நடுநிசிவரை வெளியே விடும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே டென்ட்டில் தூங்குவது வதைதான். மின்விசிறி கூடச் சூடான காற்றைத்தான் சுற்றும்.

டெவில்ஸ் வாட்டர்ஹோல் என்ற குடா இந்தப் பூங்காவின் உயிர். இருபுறமும் பாறைச் சுவர். மழைக்குப் பின் கடைசியில் சிறு அருவி. கயாக்கில் போய்ச் சேரலாம். பாறை மேலிருந்து இளைஞர்கள் குதிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் கேட்பார்கள். உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. அடியில் பாறை எங்கே மேலெழுந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஈரமான நைஸ் பாறையில் கால் நிற்காது. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நீந்துவதற்கே அந்த இடம் போதுமான மகிழ்ச்சி.

மோட்டார் படகுகள் இங்கே ஓடும். சனிக்கிழமை காலை 11 மணிக்கு மேல் நடு ஏரியில் அலைகள் எழும். துடுப்புப் படகில் இருப்பவர்கள் அலையை விலாவில் வாங்காமல் மூக்கைச் சற்றே சாய்த்து எதிர்கொண்டால் ஆடாது. இன்னும் நல்ல வழி, விடிந்ததும் இறங்கி 10 மணிக்குள் கரைக்கு வந்துவிடுவது. அந்த நேரத்தில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். வெயில் ஏறிய பிறகு குழந்தைகளைச் சில மைல் தள்ளி இருக்கும் லாங்ஹார்ன் கேவர்ன் குகைக்குக் கூட்டிப்போகலாம். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 68 டிகிரி ஃபாரன்ஹீட்தான். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் போனால் வழியோரம் புளூபானட் பூத்திருக்கும்.

ஹன்ட்ஸ்வில்: பைன் காடும் அலிகேட்டரும்

ஐ-45-இல் எக்சிட் 109, ஹூஸ்டனிலிருந்து சுமார் 70 மைல். பூங்கா 2,083 ஏக்கர், நடுவே 210 ஏக்கர் ரேவன் ஏரி. டெக்சாஸ் விடுதலைப் போர்த் தளபதி சாம் ஹூஸ்டனுக்குச் செரோக்கி பழங்குடி மக்கள் வைத்த பெயர் ‘அண்டங்காக்கை’. ஏரிக்கு அதுவே ஆங்கிலத்தில் பெயராயிற்று. பெருமந்த காலத்தில் வேலையற்றோருக்காக அரசு நடத்திய சிசிசி படையின் கறுப்பின முன்னாள் ராணுவத்தினர் குழு ஒன்று இதைக் கட்டியது. 1940 வெள்ளத்தில் அணை உடைந்து, பூங்கா மறுபடி முழுமையாகத் திறக்க 1956 ஆகிவிட்டது. கரையோரக் கட்டடத்தின் கல்வேலையை நின்று பாருங்கள். அத்தனையும் கை உழைப்பு.

படகுகள் அலை எழுப்பாத வேகத்தில்தான் போகவேண்டும் என்பது இங்கே விதி. அதனால் துடுப்புப் போடக் கற்றுக்கொள்ள நல்ல ஏரி. ஏரி முழுக்கப் பூங்காவுக்குள் அடங்கியிருப்பதால் மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. ஒரு தூண்டிலும் மண்புழு டப்பாவும் போதும்.

அலிகேட்டர் உண்டு. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் விதிகளை வீட்டிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள். குறைந்தது 30 அடி தள்ளி நிற்கவேண்டும். உணவு போடுவது டெக்சாஸில் சட்டவிரோதம். போட்டால் மனிதரைக் கண்டதும் உணவு என்று நினைக்கப் பழகிவிடும், பிறகு அதைத்தான் அப்புறப்படுத்துவார்கள். மிதவைக் கயிறு கட்டிய குளிக்கும் பகுதியைத் தாண்டக்கூடாது. அந்தி சாய்ந்ததும் தண்ணீர் ஓரம் விளையாட்டை நிறுத்துங்கள், அவை இரை தேடும் நேரம் அது. சுத்தம் செய்த மீனின் குடலைக் கரையில் எறிவதும் உணவு போடுவதற்குச் சமம். நாய் இருந்தால் கயிறு கட்டாயம், ஆறடிக்கு மேல் கூடாது.

இந்தக் காட்டில் முதலையைவிட உண்ணியும் ‘சிகர்’ எனும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும்தான் அன்றாடத் தொல்லை. சிகர் கடித்தது அன்று தெரியாது. மறுநாள் சாக்ஸ் விளிம்பிலும் இடுப்புப் பட்டை ஓரத்திலும் வரிசையாகத் தடித்து ஒரு வாரம் அரிக்கும். காலணி, சாக்ஸ், பேன்ட் கீழ்ப்பாகம் ஆகியவற்றில் முதல் நாளே 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே அடித்துக் காயவைத்துவிடுங்கள். இது துணிக்கு மட்டும். தோலுக்கு 20 முதல் 30 சதவீத டீட் (DEET) உள்ள பூச்சிவிரட்டி. புல்லில் நேராக உட்காராதீர்கள். ஒவ்வொரு மாலையும் முழங்கால் பின்புறம், அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி கூரிய ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்கவேண்டும். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் அதைக் கடித்த இடத்திலேயே கக்கவைக்கும்.

டென்ட் போடும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த பைன் கிளை தலைக்குமேல் தொங்கினால் பத்தடி நகர்த்திப் போடுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். புதுமண் குவிந்த சிறு மேடு நெருப்பெறும்புப் புற்று. காலால் கலைத்துவிட்டு அங்கேயே நிற்பவருக்கு நூறு கடி நிச்சயம்.

டைலர்: சிறிய ஏரி, குறைந்த கவலை

ஊற்றுநீர் ஊறும் 64 ஏக்கர் ஏரி. டாலஸிலிருந்து ஐ-20-இல் இரண்டு மணி நேரத்துக்குள், எக்சிட் 562. உயரமான பைன் மரங்கள், சரிவான கரை, மணல் போட்ட குளிக்குமிடம். படகுகள் நடைவேகத்தில்தான் போகலாம். பருவத்தில் கயாக், கேனோ, பெடல் போட் வாடகைக்குக் கிடைக்கும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பார்வையிலேயே பேரப்பிள்ளைகள் படகு விடலாம். இந்த ஒரு வசதிக்காகவே முதல்முறை போகிறவர்களுக்கு இதைச் சொல்கிறோம். சாகசம் தேடுபவர்களுக்கு ஒரு நாளில் சலித்துவிடும். 13 மைல் பாதைகள் இருக்கின்றன, மலைச் சைக்கிளுக்கும் உண்டு.

கேடோ: வழி தவறவைக்கும் அழகு

டெக்சாஸின் பெரும்பாலான ஏரிகள் அணைகட்டி உருவானவை. கேடோ இயற்கையாகப் பிறந்தது. செவ்வாற்றில் (ரெட் ரிவர்) நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த பெரும் மரக்கட்டை அடைப்பு தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளித் தேக்கியது. 1870-களில் அந்த அடைப்பை அகற்றியதும் தண்ணீர் வடியத் தொடங்கியது; 1914-இல் அணை கட்டி நிறுத்தினார்கள். இன்று ஏறத்தாழ 26,800 ஏக்கரில் ஓடை, வாய்க்கால், சதுப்பு, குளம் எல்லாம் கலந்த ஒரு நீர்க்காடு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 1993-இல் சேர்ந்தது. நம் பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் இருக்கும் அதே பட்டியல்.

தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள், அடி பருத்து, கிளையெல்லாம் சாம்பல் நிற ஸ்பானிஷ் பாசி தொங்க. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுவரை இலை துருச் சிவப்பாகும். அதிகாலை மூடுபனியில் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சா மில் பாண்டில் ஒரு கேனோவை மெல்லத் தள்ளிப் போனால் துடுப்பிலிருந்து சொட்டும் ஒலி மட்டும்தான் கேட்கும். பெரிய ஏரிக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுமுன் இந்தக் குளத்தில் இரண்டு மணி நேரம் செலவிடுங்கள். பலருக்கு இதுவே போதும்.

அதற்கு அப்பால் போவதென்றால் ஆயத்தம் வேண்டும். ஏரிக்குள் எண்ணிட்ட ‘போட் ரோடு’கள் உண்டு, துடுப்புப் படகுகளுக்கென்று குறியிட்ட பாதைகள் மொத்தம் 50 மைலுக்கு மேல். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி தண்ணீர். திரும்பி வரும்போது வந்த வழி வேறு இடமாகத் தெரியும். பக்கத்து ஊரின் பெயரே அன்சர்ட்டன், அதாவது ‘நிச்சயமில்லை’. போன் சிக்னலை நம்பாதீர்கள்: முன்பே ஆஃப்லைன் வரைபடம் இறக்கி, போனை நீர்ப்புகா உறையில் போட்டு, அச்சிட்ட வரைபடமும் ஒரு சாதாரண திசைகாட்டியும் வையுங்கள். ஒவ்வொரு குறிக்கம்பத்தைக் கடந்ததும் அதன் எண்ணைப் படமெடுத்தால் திரும்பும் வரிசை கையில் இருக்கும். கையிலிருக்கும் மொத்த நேரத்தில் பாதி முடிந்ததும் திரும்பவேண்டும் என்பதல்ல, மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்புவதே சரி. முதல்முறை வருபவர்கள் உள்ளூர் வழிகாட்டியின் தட்டையடிப் படகில் ஒரு சுற்று போய்வருவது செலவுக்குத் தகும்.

இந்தத் தண்ணீர் குளிக்க ஏற்றதல்ல. தேநீர் நிறம், அடியில் கட்டைகள், அலிகேட்டர், காட்டன்மவுத் என்னும் நச்சுப்பாம்பு. தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே படகை விடாதீர்கள், குளவிக்கூடு இருக்கும்.

கேடோவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது சல்வீனியா என்னும் மிதக்கும் நீர்க்களை. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று பெயர் வாங்கியதும் இலங்கையின் வயல்களையும் குளங்களையும் மூடியதும் இதே செடிதான். ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மேல்பரப்பில் முட்டை அடிக்கும் கரண்டி வடிவத்தில் நுண்மயிர்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் நனைக்காமல் முத்தாக உருண்டு நிற்கும். அதனால்தான் மருந்து தெளித்தாலும் இலையில் ஒட்ட மறுக்கிறது. வெப்பமான தண்ணீரில் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும்; கம்பளம்போல் மூடி, கீழே இருக்கும் மீனுக்கு வெளிச்சமும் காற்றும் இல்லாமல் செய்யும். கேரளத்திலும் இலங்கையிலும் இதைக் கட்டுப்படுத்திய அதே சிறு வண்டினத்தைத்தான் இங்கேயும் வளர்த்து விடுகிறார்கள். கேடோவிலிருந்து கிளம்பும்போது கயாக்கின் உட்குழி, துடுப்பின் மூட்டு, செருப்பின் அடி, டிரெய்லர் சக்கரம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டே ஏரியை விட்டுக் கிளம்பவேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். விரல்நகம் அளவு துண்டு ஒன்று டைலர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அந்த 64 ஏக்கரும் ஒரு கோடையைத் தாங்காது.

டென்ட்டா, ஸ்கிரீன் ஷெல்டரா, கேபினா

ஸ்கிரீன் ஷெல்டர் என்பது கூரையும் சிமென்ட் தரையும் கம்பிவலைச் சுவரும் உள்ள ஒற்றை அறை. கட்டில் கிடையாது, காற்றடைத்த மெத்தை கொண்டுபோகவேண்டும். டைலரிலும் ஹன்ட்ஸ்வில்லிலும் உண்டு. மழை வந்தாலும் கவலையில்லை, கொசு உள்ளே வராது, முட்டிவலிக்காரர்கள் தவழ்ந்து நுழைய வேண்டியதில்லை. பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்கு டென்ட்டைவிட இதையே பரிந்துரைப்போம். இங்க்ஸின் சிறு கேபின்களில் ஏசி உண்டு, கழிப்பறை வெளியே. கேடோவின் கேபின்கள் சிசிசி காலத்தவை, மிக முன்னதாகவே பதிவாகிவிடும்.

டென்ட்தான் என்றால் கிழக்கு டெக்சாஸின் ஈரக்காற்றை மனதில் வையுங்கள். நாலு பேர் மூச்சில் இரவோடிரவாகக் கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். குளிர் என்று சன்னல் வலையை மூடினால் இன்னும் மோசம். மேல் காற்றுவழிகளைத் திறந்தே வையுங்கள். அடியில் விரிக்கும் தார்பாய் டென்ட் விளிம்புக்கு வெளியே ஓர் அங்குலம்கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் கூரையில் வழியும் மழையை அதுவே பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

மின்சாரமும் சமையலும்

நம் வீடுகளில் முகாம் சமையல் என்றால் பிரெட்டோடு நிற்காது. ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்ஸ்டன்ட் பாட் எல்லாம் காரில் ஏறும். அதனால் இந்தக் கணக்கு தேவை. மின்வசதியுள்ள சைட்டில் ஆர்வி வண்டிக்கான 30 ஆம்ப் இணைப்போடு சாதாரண 20 ஆம்ப் பிளக் வழக்கமாக இருக்கும். 20 ஆம்ப், 120 வோல்ட் என்றால் உச்சம் 2,400 வாட். தொடர்ந்து ஓட 1,900 வாட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இண்டக்‌ஷன் 1,800 வாட், இன்ஸ்டன்ட் பாட் 1,000 வாட். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். சோறு வெந்து முடிந்த பிறகு குழம்புக்கு இண்டக்‌ஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் கம்பி தடித்த 12 கேஜ், வெளியிடப் பயன்பாட்டுக்கானது. வீட்டில் விளக்குக்குப் போடும் மெல்லிய 16 கேஜ் கம்பி அரைமணியில் தொட்டால் சுடும்.

கேஸ் என்றால் ஒரு பவுண்டு பச்சை சிலிண்டர் 10,000 பிடியு (மணிக்கு வெளிவிடும் வெப்பத்தின் அளவு) பர்னர் ஒன்றை முழுத் தீயில் இரண்டு மணி நேரம் எரிக்கும். இரண்டு நாள், நாலு பேருக்கு மூன்று சிலிண்டர் போதும், ஒன்று உபரி. ஏரிக்காற்றில் தீ சாய்ந்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். மூன்று பக்கமும் தடுப்பு வைக்கும் அடுப்பாக வாங்குங்கள். டென்ட்டுக்குள்ளோ ஷெல்டருக்குள்ளோ கேஸ் அடுப்பும் கரியும் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கிளம்பும் நாளுக்கு புளியோதரை, முதல் இரவுக்குச் சப்பாத்தி. தோசை மாவு கொண்டுபோனால் டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மாவு ஒரு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிவிடும். கஞ்சித்தண்ணீரையும் குழம்புச் சட்டி கழுவிய நீரையும் சைட்டின் ஓரம் ஊற்றாதீர்கள். இரவில் ரக்கூனும் காலையில் எறும்பும் வரும். வாளியில் சேர்த்துப் பூங்காவின் கழிவுநீர் இடத்தில் கொட்டுங்கள். உணவெல்லாம் இரவில் காருக்குள். ரக்கூன் ஐஸ் பெட்டியின் கொக்கியைத் திறக்கக் கற்றுவைத்திருக்கிறது. விறகு பொறுக்கக் கூடாது, உள்ளூரில் வாங்கவேண்டும். தீத்தடை அறிவித்திருந்தால் விறகும் கரியும் கிடையாது, கேஸ் அடுப்பு வழக்கமாக அனுமதி.

படகு: வாடகையா, சொந்தமா

ஆண்டுக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போகிறவர்களுக்கு வாடகையே சரி. அப்பா, அம்மா, ஒரு குழந்தை என்றால் கேனோ; எடை கூடியவர் பின்னால், குழந்தை நடுவில் அடித்தட்டில். எல்லோரும் தனித்தனியாகப் போட விரும்பினால் மேலே உட்காரும் வகைக் கயாக். கவிழ்ந்தாலும் தண்ணீர் தேங்காது, திரும்ப ஏறலாம். கடையில் கிடைக்கும் காற்றடைத்த பொம்மைப் படகு எந்த ஏரிக்கும் வேண்டாம். மதியத் தெற்குக் காற்று அதை நடு ஏரிக்குக் கொண்டுபோய்விடும், துடுப்பு பயன்படாது. எந்தப் படகிலும் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். கயாக்குக்குப் பதிவெண் தேவையில்லை, ஆனால் அதில் சிறு மின் மோட்டார் பொருத்தினாலும் பதிவு கட்டாயம். 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை 1993 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் ஓட்ட, படகுப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும்.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கவேண்டும்; 13 வயதுக்கு உட்பட்டவர்கள் படகு நகரும்போது அணிந்தே இருக்கவேண்டும் என்பது சட்டம். பெரியவர்களும் அணியுங்கள், நீச்சல் தெரியாதவர்கள் நம்மில் அதிகம். குழந்தைக்கு வயதை வைத்து வாங்காமல் எடையை வைத்து வாங்குங்கள்: 30 முதல் 50 பவுண்டு ஓர் அளவு, 50 முதல் 90 வேறு அளவு. போட்டுப் பட்டைகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரில் குழந்தை அதற்குள்ளிருந்து நழுவும். துப்பட்டா, ஜீன்ஸ் வேண்டாம்; பருத்தி நனைந்தால் கனக்கும்.

எப்போது, எப்படிப் பதிவு

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரை நான்குக்குமே நல்ல காலம். மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக் வாரத்தைத் தவிர்த்துவிட்டால் வசந்தமும் நல்லது, ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் இடிமழை. கோடையில் போயே ஆகவேண்டும் என்றால் டைலர் ஷெல்டர் அல்லது இங்க்ஸ் ஏசி கேபின். ஆகஸ்டில் வெதுவெதுப்பான ஏரிநீரில் முங்கும்போது மூக்கில் கிளிப் போடுவது நல்லது. மூளையைத் தாக்கும் நெய்க்லீரியா அமீபா மிக அரிது, ஆனால் அது நுழையும் வழி மூக்கு ஒன்றுதான்.

முகாம் இடங்களை ஐந்து மாதம் முன்பே பதியலாம். நவம்பர் இரண்டாம் வாரம் வேண்டுமென்றால் ஜூன் இரண்டாம் வாரம் காலண்டரில் குறித்துவையுங்கள். பகல் மட்டும் போவதற்கு 30 நாள் முன்பு. ஒரு சைட்டுக்கு அதிகபட்சம் எட்டுப் பேர். இரண்டு குடும்பம் சேர்ந்தால் அடுத்தடுத்த இரண்டு சைட் எடுங்கள், ஒன்றில் பத்துப் பேரை அடைக்க முயலாதீர்கள். சைட் வாடகை வேறு, 13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் தினசரி நுழைவுக் கட்டணம் வேறு. ஆண்டு பாஸ் ஒன்று வாங்கினால் அதே காரில் வரும் எல்லோருக்கும் நுழைவு இலவசம். நாலு பெரியவர்கள் ஆண்டில் இரண்டு மூன்று முறை போனால் பாஸ் லாபம். சைட் மதியம் 2 மணிக்குக் கிடைக்கும், மறுநாள் 12-க்குள் காலிசெய்யவேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். மது வெளிப்படையாகக் கூடாது. வெள்ளிக்கிழமை இடமில்லை என்று காட்டினால் விட்டுவிடாதீர்கள். புறப்படும் வாரத்தின் செவ்வாய், புதன் இரவுகளில் மழை முன்னறிவிப்பைப் பார்த்துப் பலர் ரத்து செய்வார்கள். அந்த நேரத்தில் மறுபடி திறந்து பாருங்கள், கேடோவில்கூட ஓர் இடம் விழும்.